திருவாதிரை வெடிக்கப் போகிறதா? ஒரு விண்மீனின் ஆயுளைக் கணக்கிடுவது எப்படி

2019 அக்டோபர் வாக்கில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துபோனது. கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. "எந்த நேரமும் வெடிக்கலாம்" என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. ஆனால் ஏப்ரலுக்குள் அது பழைய பிரகாசத்துக்குத் திரும்பிவிட்டது. 2023-ல் நேரெதிர்: வழக்கத்தைவிட அதிகமாக ஒளிர்ந்தது. அப்போதும் அதே செய்தி. போதாக்குறைக்கு, அந்த ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, இன்னும் சில பத்தாண்டுகளில்கூட வெடிக்கலாம் என்று சொன்னது.

மங்கினாலும் வெடிக்கும், பிரகாசித்தாலும் வெடிக்கும் என்றால் படிப்பவர் எதை நம்புவது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஒரு விண்மீன் எப்படிப் பிறக்கிறது, எதை எரிக்கிறது, ஏன் சாகிறது என்ற கணக்கு தெரிய வேண்டும். அந்தக் கணக்கு கடினமானதில்லை. அதற்கான சான்றுகளில் பெரும்பாலானவை திருவாதிரையைச் சுற்றியே வானத்தில் இருக்கின்றன.

முதலில், அது எங்கே இருக்கிறது?

டிசம்பர் மாத இரவில் எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை அது. ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களில் இந்தப் பட்டை சாய்வாக வரையப்பட்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, உதிக்கும்போது அது நிமிர்ந்து நிற்கிறது. படத்தை வைத்துத் தேடிக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டைக்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, சிவந்த நிறத்தில் தெரிவதுதான் திருவாதிரை. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ். பட்டைக்கு வலப்பக்கம் அதே தூரத்தில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்வது ரைகல். மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவு இந்தச் சிவப்பு விண்மீனை ஒட்டித்தான் நிற்கும். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் நாள் அது.

தென்தமிழகத்துக்கும் இலங்கைக்கும் ஒரு வசதி உண்டு. திருவாதிரை வான நடுக்கோட்டுக்கு 7 டிகிரி வடக்கே இருக்கிறது. கன்னியாகுமரி பூமியின் நடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே. பிப்ரவரி நடுவில் இரவு எட்டரை மணிக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றால், திருவாதிரை உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். காற்று மண்டலத்தின் தூசியும் கலக்கமும் மிகக் குறைவாகக் குறுக்கிடும் நிலை அதுதான்.

விண்மீன் ஏன் எரிகிறது?

விண்வெளியில் ஹைட்ரஜன் வாயுவும் தூசியும் சேர்ந்த மாபெரும் முகில்கள் மிதக்கின்றன. இவற்றை நெபுலா என்கிறோம். முகிலின் ஒரு பகுதி அடர்த்தியானால், அதன் சொந்த ஈர்ப்பே அதை உள்நோக்கி இழுக்கும். சுருங்கச் சுருங்க நடுவே வெப்பம் ஏறும். சுமார் ஒரு கோடி டிகிரியை நெருங்கும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்கும். இதுதான் அணுக்கரு இணைவு. இது தொடங்கும் கணத்தில்தான் அந்த வாயு உருண்டை முழுமையான விண்மீன் ஆகிறது.

அதன்பின் அதன் வாழ்க்கை முழுவதும் ஒரு இழுபறி. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. எரிபொருள் தரும் வெப்பம் அழுத்தமாக மாறி வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலையாக இருக்கும். நம் சூரியன் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் சுமார் 40 லட்சம் டன் பொருள் அப்படியே ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. இப்படி 460 கோடி ஆண்டுகள் எரிந்தும், மையத்தில் இன்னும் ஏறக்குறைய பாதி எரிபொருள் மிச்சம்.

விண்மீன் சாவது எரிபொருள் தீர்வதால். எப்போது தீரும் என்பதை முடிவு செய்வது அதன் நிறை.

நிறை கூடினால் ஆயுள் குறையும்

பெரிய விண்மீனில் எரிபொருள் அதிகம், ஆகவே நீண்ட நாள் வாழும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ். கணக்கைப் பாருங்கள்.

1. ஒரு விண்மீனுக்கு நிறை கூடினால், ஈர்ப்பும் கூடும். அதைத் தாங்க மையம் அதிக வெப்பத்தில் எரிய வேண்டும். அணுக்கரு இணைவு வெப்பத்துக்கு மிக நுட்பமாக ஈடுகொடுக்கும்; கொஞ்சம் சூடானாலே பலமடங்கு வேகமாகும்.

2. அதனால் சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் 10 மடங்கு ஒளிர்வதில்லை. ஏறக்குறைய 3,000 மடங்கு ஒளிர்கிறது.

3. இருப்பு 10 மடங்கு, செலவு 3,000 மடங்கு. ஆயுள் 300-ல் ஒரு பங்காகிறது. சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள் என்றால், இதற்கு 3 கோடி ஆண்டுகள்தான்.

4. மறுபக்கம், சூரியனில் பத்தில் ஒரு பங்கு நிறையுள்ள செங்குள்ள விண்மீன்கள் சிக்கனமாக எரிந்து பல லட்சம் கோடி ஆண்டுகள் வாழும். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள் என்பதால், இதுவரை ஒரு செங்குள்ளன்கூட முதுமையில் செத்ததில்லை.

திருவாதிரை பிறக்கும்போது சூரியனைப் போல் 15 முதல் 20 மடங்கு நிறையோடு பிறந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அதன் வயது சுமார் ஒரு கோடி ஆண்டுகள்தான். பூமியில் டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் காலத்தில் இந்த விண்மீன் பிறக்கவே இல்லை. இருந்தாலும் இன்று அது கிழப்பருவத்தில் இருக்கிறது.

ஒரே திசையில் எல்லாப் பருவமும்

கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும் வாழ்க்கையை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. வெவ்வேறு பருவத்தில் உள்ள பல விண்மீன்களைப் பார்த்துத்தான் ஒன்றின் கதையைக் கோக்க முடியும். அதற்குத் தை, மாசி மாத வானத்தைப் போல வசதியானது வேறில்லை என்பேன். திருவாதிரையில் தொடங்கி ஒரு சுற்று வந்தால் போதும்.

*கருவறை:* பட்டைக்குத் தெற்கே, வேட்டைக்காரனின் வாள் போல மங்கலான சில புள்ளிகள் தொங்கும். நடுப்புள்ளியைக் கூர்ந்து பாருங்கள். அது புள்ளியாக இல்லாமல் புகைபோலக் கலைந்து தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில். (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு, ஏறக்குறைய 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர்.) சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் புகையின் நடுவே நாற்கரமாக நான்கு விண்மீன்கள் தெரியும். அந்த முகில் முழுவதையும் ஒளிரவைப்பது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான். அங்கே ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் இப்போது உருவாகிக்கொண்டிருக்கின்றன. புகைப்படங்களில் காணும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்ணில் எதிர்பார்க்காதீர்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் வேலை செய்வதில்லை. சாம்பல் நிறத்தில், சில நேரம் லேசான பச்சை கலந்து தெரியும். உங்கள் கண்ணிலும் கருவியிலும் குறை ஒன்றுமில்லை.

*இளமை:* பட்டையின் கோட்டை வடமேற்கே நீட்டினால் முதலில் ரோகிணி, அப்புறம் கார்த்திகை. கார்த்திகைக் கூட்டத்தில் கண்ணுக்கு ஆறு தெரியும்; அறுமீன் என்று சங்க காலத்திலேயே பெயர் உண்டு. உண்மையில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தொலைவு 440 ஒளியாண்டு, வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். வயதை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு கூட்டத்தில் எல்லா விண்மீன்களும் ஒரே முகிலில், ஒரே காலத்தில் பிறந்தவை. நிறை கூடியவை முதலில் சாகும் என்பதால், கூட்டத்தில் இன்னும் ஹைட்ரஜன் எரித்துக்கொண்டிருக்கும் மிகப்பெரிய விண்மீன் எது என்று பார்த்தால் போதும். அதன் ஆயுள்தான் கூட்டத்தின் வயது. கார்த்திகையில் நீல வெள்ளை விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றையும் விடப் பெரிய வகைகள் இல்லை. அவை இருந்து முடிந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கூட்டத்தில் பிறக்கவே இல்லை. நூற்றுக்கணக்கான கூட்டங்களில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்ததில்தான் நிறைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது.

*முதுமை, சிறிய வகை:* ரோகிணி, சூரியனைவிடச் சற்றே கூடுதல் நிறை கொண்டது. மைய ஹைட்ரஜன் தீர்ந்து, வெளி அடுக்குகள் வீங்கி, சூரியனைப் போல் 44 மடங்கு அகலமாகிவிட்டது. 65 ஒளியாண்டுத் தொலைவில் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது. நம் சூரியன் 500 கோடி ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

*முதுமை, பெரிய வகை:* திருவாதிரையும் ரைகலும். இரண்டுமே ராட்சதர்கள். ரைகலின் மேற்பரப்பு சுமார் 12,000 டிகிரி, அதனால் நீலம். திருவாதிரையினுடையது சுமார் 3,500 டிகிரி, அதனால் சிவப்பு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் முதலில் சிவந்து பிறகு வெளுப்பது போலத்தான் விண்மீன் நிறமும்.

*பிணம்:* பட்டையின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கிறது. சிரியஸ் ஆடி ஆடி நகர்வதைக் கவனித்த ஜெர்மானிய வானியலாளர் பெசல், 1844-ல் மறைந்திருக்கும் துணையைக் கணித்தார். 1862-ல் அமெரிக்கத் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஆல்வன் கிரகாம் கிளார்க் அதை நேரில் கண்டார். சிரியஸ் பி என்ற அந்த விண்மீனின் நிறை ஏறக்குறைய சூரியன் அளவு. உருவமோ பூமியைவிடச் சற்றுச் சிறியது. ஒரு கன சென்டிமீட்டர் பொருள் 2 டன்னுக்கும் மேல் எடை. எரிந்து முடிந்த விண்மீனின் இறுகிய மையம் அது: வெண்குள்ளன். இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை, ஆனால் ஒன்று இன்னும் எரிகிறது, மற்றொன்று செத்துவிட்டது. செத்தது தொடக்கத்தில் சூரியனைப் போல் 5 மடங்கு நிறையோடு இருந்தது. உயிரோடு இருப்பது 2 மடங்குதான். மேலே சொன்ன நிறை, ஆயுள் கணக்குக்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

*சிதறல்:* ரிஷப ராசியில், காளையின் கொம்பு நுனிக்கு அருகே நண்டு நெபுலா. வெடித்துச் சிதறிய ஒரு பெரிய விண்மீனின் மிச்சம் அது. இதற்குத் தொலைநோக்கியும் இருண்ட வானமும் தேவை. 1054 ஜூலையில் சீன வானியலாளர்கள் அந்த இடத்தில் ஒரு "விருந்தாளி விண்மீனை"க் குறித்து வைத்தார்கள். 23 நாட்கள் பகலிலும் தெரிந்தது. இன்று அங்கே விரிந்துகொண்டிருக்கும் வாயுவும், நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீனும் (வெடித்த விண்மீனின் நொறுங்கி இறுகிய மையம்) இருக்கின்றன.

இரண்டு வகை மரணம்

சூரியன் போன்றவற்றின் மரணம் அமைதியானது. ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆனபின், அவற்றை எரிக்கும் அளவுக்கு வெப்பத்தை எட்டும் நிறை அவற்றிடம் இல்லை. வெளி அடுக்குகள் மெல்லக் கழன்று போகும். மிஞ்சும் மையம் வெண்குள்ளனாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும். சூரியன் வெடிக்காது. பூமியின் உயிர்களுக்குச் சிக்கல் அதற்கு வெகு முன்பே வந்துவிடும்: சூரியனின் ஒளி 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது.

வெண்குள்ளனுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-ல் தம் 19-வது வயதில் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் இந்தக் கணக்கைப் போட்டார். எலெக்ட்ரான்கள் நெருக்கத்தை எதிர்த்துத் தரும் அழுத்தம்தான் வெண்குள்ளனைத் தாங்குகிறது. ஆனால் நிறை கூடும்போது எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. அதற்குமேல் வேகம் கூட முடியாததால் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்காமல் தோற்கிறது. சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள எந்த வெண்குள்ளனும் நிற்காது. அன்றைய வானியலின் பெருந்தலையான எடிங்டன் 1935-ல் லண்டன் கூட்டத்தில் எழுந்து இதை எல்லார் முன்னிலையிலும் மறுத்தார். இளைஞர் ஒருவரின் சரியான கணக்கு, பெரியவர் ஒருவரின் மறுப்பால் பல ஆண்டுகள் ஓரத்தில் கிடந்தது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திருவாதிரை ஏன் வெடித்தே தீரும் என்ற கேள்விக்கு விடை அந்த 1.4-ல்தான் இருக்கிறது.

திருவாதிரையின் உள்ளே என்ன நடக்கும்?

சூரியனைப் போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் ஹீலியத்தோடு நிற்பதில்லை. ஒன்றின் சாம்பலை அடுத்த எரிபொருளாக்கிக்கொண்டே போகும். 15 மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீனுக்குக் கணினி மாதிரிகள் தரும் கால அட்டவணை ஏறக்குறைய இப்படி:

1. ஹைட்ரஜன்: ஒரு கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்
2. ஹீலியம்: சுமார் 20 லட்சம் ஆண்டுகள்
3. கார்பன்: சுமார் 2,000 ஆண்டுகள்
4. நியானும் ஆக்சிஜனும்: மூன்று ஆண்டுகள் போல
5. சிலிக்கான்: இரண்டு, மூன்று வாரங்கள்

நிறை இன்னும் கூடினால் இந்தக் காலங்கள் மேலும் சுருங்கும். 25 மடங்கு விண்மீனில் சிலிக்கான் ஒரே நாளில் தீர்ந்துவிடும். காரணம் இரண்டு. கனமான அணுக்கருக்கள் இணையும்போது கிடைக்கும் ஆற்றல் குறைவு. அதோடு, அந்த வெப்பத்தில் உருவாகும் பெரும்பங்கு ஆற்றலை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் யாருக்கும் பயனில்லாமல் வெளியே எடுத்துப் போய்விடுகின்றன.

சிலிக்கான் எரிந்து மிஞ்சுவது இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, மாறாகச் செலவாகும். ஆக, மையத்தில் எரியாத இரும்பு குவிந்துகொண்டே போகும். சந்திரசேகர் எல்லையை அது எட்டியதும், தாங்க எதுவும் இல்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள மையம் ஒரு நொடிக்குள் சில பத்துக் கிலோமீட்டராக நொறுங்குகிறது. உள்ளே விழுந்த பொருள் இறுகிய நியூட்ரான் உருண்டையில் மோதித் திரும்ப, நியூட்ரினோ வெள்ளம் பின்னிருந்து தள்ள, அதிர்ச்சி அலை வெளிநோக்கிக் கிளம்புகிறது. அதுதான் சூப்பர்நோவா. மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். நிறை மிகக் கூடுதலானால் கருந்துளை.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹீலியம் முடிந்தபின் நடப்பதெல்லாம் மையத்தில், மிக வேகமாக நடக்கிறது. வெளியடுக்குகளோ மிகப் பெரியவை. திருவாதிரையைச் சூரியனின் இடத்தில் வைத்தால் அதன் மேற்பரப்பு செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும். மையத்தில் நடப்பதை மேற்பரப்பு உணர்ந்து மாறுவதற்குள் கதை முடிந்துவிடும். ஆக, மேற்பரப்பின் பிரகாசத்தை வைத்து மையத்தின் நிலையைச் சொல்ல முடியாது. "மங்குகிறது, எனவே வெடிக்கப் போகிறது" என்ற செய்தி முதல் அடியிலேயே சறுக்குவது இங்கேதான்.

அப்படியானால் 2019-ல் நடந்தது என்ன?

திருவாதிரையின் ஒளி எப்போதுமே ஏறி இறங்கும். சுமார் 400 நாட்களுக்கு ஒருமுறை வீங்கிச் சுருங்கும் துடிப்பு ஒன்று; சுமார் 2,100 நாட்கள் நீளும் இன்னொரு சுழற்சி வேறு. இவை இரண்டையும் மீறிய மங்கல் அது.

ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகளும், சிலியிலுள்ள VLT (பெயரே 'மிகப்பெரிய தொலைநோக்கி') எடுத்த படங்களும் சேர்ந்து 2021-க்குள் விடையைத் தந்தன. 2019-ன் பிற்பகுதியில் அதன் மேற்பரப்பிலிருந்து பெருமளவு வாயு வெளியே வீசப்பட்டது. அது விலகிப்போய்க் குளிர்ந்து தூசியாகி, நமக்கும் விண்மீனுக்கும் நடுவே மறைப்பாக நின்றது. வாயு கிளம்பிய இடமும் குளிர்ந்து மங்கியது. 2020 தொடக்கத்தில் எடுத்த படங்களில் திருவாதிரையின் தென்பாதி மட்டும் இருண்டு தெரிகிறது. முழு விண்மீனும் மங்கியிருந்தால் அப்படித் தெரியாது.

2,100 நாள் சுழற்சிக்கும் ஒரு விளக்கம் உருவாகிவருகிறது. திருவாதிரையை மிக நெருக்கமாகச் சுற்றும் துணை விண்மீன் ஒன்று இருக்கலாம் என்று கணித்திருந்தார்கள். 2025-ல் ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கி அதன் மங்கலான சுவடைப் பதிவு செய்ததாக அறிவிப்பு வந்தது. சூரியனைப் போல் சுமார் 1.5 மடங்கு நிறையுள்ள அந்தத் துணையும் திருவாதிரையும் ஒரே வயதுடையவை. ஆனால் துணைக்கு இன்னும் மையத்தில் ஹைட்ரஜனே பற்றவில்லை. ஒன்று சாகப் போகிறது, ஒன்று இன்னும் வாழவே தொடங்கவில்லை.

2023-ன் அந்த ஆய்வுக் கட்டுரை 2,100 நாள் சுழற்சியை விண்மீனின் சொந்தத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டது. அப்படித் துடிக்க விண்மீன் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவு பெரிதென்றால் கார்பன் தீரும் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று அது வாதிட்டது. அந்தச் சுழற்சிக்குக் காரணம் துணை விண்மீன் என்றால், இந்த வாதத்துக்கு அடிப்படையே இல்லை. பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு: திருவாதிரை இப்போது ஹீலியம் எரித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள் வரை போகலாம்.

ஏற்கெனவே வெடித்திருக்குமா?

"நாம் பார்க்கும் விண்மீன்களில் பாதி எப்போதோ அழிந்தவை, அவற்றின் பழைய ஒளிதான் வருகிறது" என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை. திருவாதிரையின் தொலைவு 500 முதல் 700 ஒளியாண்டு. அதாவது 500 முதல் 700 ஆண்டுப் பழைய ஒளியைப் பார்க்கிறோம். மிஞ்சிய ஆயுள் ஒரு லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால், இந்த இடைவெளியில் அது வெடித்திருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சாகும் தறுவாயில் உள்ள திருவாதிரைக்கே இந்த நிலை. கண்ணுக்குத் தெரியும் மற்ற விண்மீன்களில் பெரும்பாலானவை இன்னும் அருகில் இருக்கின்றன, கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழப்போகின்றன. இன்றிரவு நீங்கள் பார்ப்பவை ஏறக்குறைய எல்லாமே இன்றும் உயிரோடு இருக்கின்றன.

வெடித்தால்?

ஏறக்குறைய அரைநிலவின் பிரகாசத்தில், ஒற்றைப் புள்ளியாக ஒளிரும். பல மாதங்கள் பகலிலும் தெரியும். இரவில் அதன் வெளிச்சத்தில் நிழல் விழும். சில ஆண்டுகளில் மங்கி, வேட்டைக்காரனின் தோள் இருந்த இடம் காலியாகும். பூமிக்கு ஆபத்து இல்லை. சூப்பர்நோவாவின் கதிர்வீச்சு நம் காற்று மண்டலத்தைப் பாதிக்க அது சில பத்து ஒளியாண்டுகளுக்குள் நடக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் வெடிக்கும் நிலையில் எந்தப் பெரிய விண்மீனும் இல்லை. 1604-க்குப் பிறகு நம் பால்வெளியில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த சூப்பர்நோவா ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்க

திருவாதிரை மங்குகிறது என்று அடுத்த முறை செய்தி வந்தால், மாடிக்குப் போய் நீங்களே அளக்கலாம். சென்னை, கோவை போன்ற நகர வெளிச்சத்திலும் இது முடியும்.

1. ஒளித்தரம் என்ற அளவில் எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். ஒப்பிட நான்கு விண்மீன்கள்: ரைகல் 0.1, புரோசியான் 0.3, ரோகிணி 0.9, பெலாட்ரிக்ஸ் 1.6. பெலாட்ரிக்ஸ் என்பது வேட்டைக்காரனின் மறு தோள். புரோசியான், திருவாதிரைக்கும் சிரியசுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் கிழக்கே நின்று முக்கோணத்தை நிறைவு செய்யும்.

2. வழக்கமாகத் திருவாதிரை 0.5-ஐ ஒட்டி இருக்கும். அதாவது புரோசியானுக்கும் ரோகிணிக்கும் நடுவில். ரோகிணியைவிட மங்கலாகத் தெரிந்தால் கவனிக்க வேண்டிய செய்தி. 2020 பிப்ரவரியில் அது பெலாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியிருந்தது.

3. ஒப்பிடும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது பாருங்கள். அடிவானத்துக்கு அருகே எல்லாமே மங்கித் தெரியும்.

4. சிவப்பு விண்மீனை வெறித்துப் பார்த்தால் அது உண்மையைவிடப் பிரகாசமாகத் தோன்றும். ஒரு நொடி பார்த்து, உடனே அடுத்ததற்குக் கண்ணை மாற்றுங்கள்.

5. செல்போனை எடுக்காமல் 20 நிமிடமாவது இருட்டில் இருங்கள். நெபுலாவையும் பார்க்க நினைத்தால் அமாவாசையை ஒட்டிய நாட்களும் ஒரு 7×50 அல்லது 10×50 பைனாகுலரும் வேண்டும். நேராகப் பார்க்காமல் சற்று ஓரத்தில் பார்வையை வைத்தால் மங்கிய முகில் நன்றாகத் தெரியும். மார்கழித் திருவாதிரை இரவு இதற்கு உதவாது. முழுநிலவு பக்கத்திலேயே நிற்கும்.

மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை திருவாதிரை சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அந்த வாரங்களில் "நேற்றிரவு மங்கியது" என்று யாராவது எழுதினால், அவர் வானத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

உண்மையான எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

தொலைநோக்கியிலிருந்து வராது. மையம் நொறுங்கும் அதே நொடியில் பிறக்கும் நியூட்ரினோக்கள் வழியில் எதிலும் சிக்காமல் நேராக வெளியேறிவிடும். அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டி ஒளியாகத் தெரியப் பல மணி நேரம் ஆகும். 1987 பிப்ரவரி 23 அன்று இது நிரூபணமானது. 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில், பெரிய மெகல்லானிக் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது. ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் நிலத்தடிக் கருவிகளில் மொத்தம் இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன.

திருவாதிரை அதைவிடச் சுமார் 280 மடங்கு அருகில் இருக்கிறது. தூரத்தின் இருமடிக்கேற்ப அடர்த்தி கூடும் என்பதால், அதே கருவிகளிலேயே ஏறக்குறைய 78,000 மடங்கு பதிவுகள் கிடைக்கும். இன்றைய கருவிகள் அன்றைவிடப் பலமடங்கு பெரியவை. சிலிக்கான் எரியும் கடைசி மணி நேரங்களின் நியூட்ரினோக்களையும் பிடித்து முன்னறிவிக்க ஜப்பானிய ஆய்வுக்கூடங்கள் ஏற்பாடு செய்திருக்கின்றன. பல நாட்டுக் கருவிகளை இணைத்த சூப்பர்நோவா முன்னெச்சரிக்கை வலையமைப்பு ஒன்றும் இயங்குகிறது. அதன் மின்னஞ்சல் பட்டியலில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.